வண்டி மை முதல் வைரப் பூச்சு வரை: கரி எங்கே காக்கும், எங்கே கைவிடும்?



நம் பத்திரிகையில் மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு இரும்பைப் பற்றிப் பேசுவதில்லை. இயற்கை வழியில் உழுகிறவனுக்கும் டிராக்டர் வேண்டியிருக்கிறது, போர் மோட்டார் வேண்டியிருக்கிறது, அறுவடைக்கு மிஷின் வேண்டியிருக்கிறது. உரக்கடைக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த காசு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்விட்டால் என்ன பிரயோஜனம்? போன குறுவையில் நான் பட்ட ஒரு அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். ஏமாந்த கதைதான். ஆனால் என்னோடு இன்னொருத்தரும் சேர்ந்து ஏமாந்தார், அதுவும் என் பேச்சைக் கேட்டு. அதனால்தான் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். சேற்றுழவுக்கு ரோட்டவேட்டர் கத்தி மாற்றவேண்டியிருந்தது. ஒரு வியாபாரி வழக்கமான கத்தியைக் காட்டாமல் கறுப்பாக மினுமினுக்கிற ஒரு செட்டை எடுத்து வைத்தார். "கார்பன் கோட்டிங் சார். வைரத்துக்குச் சமம். டைமண்ட் கோட்டிங்னே பேரு. ரெண்டு மடங்கு உழைக்கும்" என்றார். சாதாரணக் கத்தி 120 ரூபாய், இது 240. ஒரு செட்டுக்கு 36 கத்தி. கூடுதல் செலவு 4,320 ரூபாய். ரெண்டு மடங்கு உழைத்தால் கணக்கு சரியாகிவிடுமே, கழற்றி மாட்டுகிற கூலியும் மிச்சம் என்று வாங்கிவிட்டேன்.

பக்கத்து வயல் தம்பி ஒருவர் வாடகைக்கு உழுது பிழைக்கிறவர். "சார், இது போடலாமா?" என்று கேட்டார். "போடு தம்பி" என்றேன். வங்கியில் 34 வருஷம் இருந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் ஒரு செட் வாங்கிவிட்டார். எனக்கு அது ஒரு செலவு. அவருக்கு அது டிராக்டர் தவணையில் ஒரு பகுதி.

நாலு மா நிலம் ஓட்டி முடிப்பதற்குள் கத்தி முனையில் கறுப்பு போய் வெள்ளை இரும்பு தெரிந்தது. அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு விஷயம் புரிந்தது. அந்த வியாபாரி சொன்ன பொருள் பொய்யல்ல. கரியால் ஆன, வைரத்துக்கு நெருங்கிய பூச்சு என்று ஒன்று உலகத்தில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது வேலை செய்கிற இடம் வேறு.

உராய்வு என்பது வட்டி, தேய்மானம் என்பது அசல்

முதலில் ரெண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். உராய்வு வேறு, தேய்மானம் வேறு. என் பழைய தொழில் பாஷையில் சொன்னால், உராய்வு என்பது வட்டி மாதிரி. இயந்திரம் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் டீசலாகவோ கரண்டாகவோ நீங்கள் கட்டிக்கொண்டே இருப்பது. தேய்மானம் என்பது அசல் கரைவது. வங்கியில் டிராக்டர் கடன் பார்க்கும்போது வருஷத்துக்கு இவ்வளவு சதவீதம் தேய்மானம் என்று காகிதத்தில் எழுதுவோம். வயலில் அது கிராம் கணக்கில் நிஜமாகவே மண்ணோடு போகிறது.

ஒன்று குறைந்தால் இன்னொன்றும் குறையும் என்று நினைக்கிறோம். அப்படிக் கட்டாயமில்லை. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் வழுக்கிக்கொண்டு போகும், உராய்வு குறைவு. ஆனால் தேய்ந்துகொண்டே வரும். பிரேக் லைனிங்கைப் பாருங்கள். உராய்வு அதிகம் இருந்தால்தான் வண்டி நிற்கும். ஆனால் அது சீக்கிரம் தேயக்கூடாது. ஆகவே யாராவது "இது வழவழப்பாக இருக்கும்" என்று சொன்னால் அது அதிக நாள் உழைக்கும் என்று அர்த்தமாகாது. "இது ரொம்பக் கெட்டி" என்றால் டீசல் மிச்சம் என்றும் அர்த்தமாகாது. ரெண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

தாத்தா காலத்து வண்டி மை

கரியை வைத்து உராய்வைக் குறைப்பது நமக்குப் புதிதல்ல. மரச்சக்கர மாட்டு வண்டி ஓடிய காலத்தில் அச்சுக்கு மை போடுவார்கள். வைக்கோலைக் கொளுத்தி, அந்தக் கரியைத் தூளாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, ஒரு மூங்கில் குழாயில் போட்டு வண்டியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அச்சில் மையைத் தடவி மறுபடி மாட்டினால், கத்திக்கொண்டிருந்த வண்டி வாயை மூடிக்கொண்டு போகும். அறுவடை முடிந்து நெல் மூட்டை ஏற்றுவதற்கு முன்னால் தாத்தா முதலில் பார்ப்பது மைக்குழாயைத்தான்.

அந்த மையில் நடந்தது என்ன? வைக்கோல் கரி பென்சில் கரி மாதிரி தானே வழுக்குகிற ஜாதி இல்லை. அதன் முக்கிய வேலை எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வது. வெறும் எண்ணெய் வழிந்து புழுதியில் போய்விடும். கரித்தூள் சேர்ந்தால் குழம்பாகி அச்சிலேயே ஒட்டி நிற்கும். இன்றைக்குக் கடையில் வாங்குகிற கிரீஸும் இதே தத்துவம்தான். எண்ணெய், அதைப் பிடித்து வைக்க ஒரு கெட்டிப் பொருள். அங்கே சோப்பு மாதிரியான ஒரு பொருள், இங்கே வைக்கோல் கரி.

விளக்கெண்ணெயையும் லேசாக நினைக்கவேண்டாம். ஆரம்ப கால ஆகாய விமானங்களின் இன்ஜினுக்கு இதே ஆமணக்கு எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற எண்ணெயின் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஒரே கரி, ரெண்டு குணம்

தானாகவே வழுக்குகிற கரி ஒன்று இருக்கிறது. அதுதான் கிராஃபைட். பென்சிலில் இருப்பது இது. நமக்கு ரொம்பத் தூரத்துப் பொருளும் இல்லை. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டி எடுக்கிறது. இலங்கையில் போகலை, கஹட்டகஹ சுரங்கங்கள் இதற்குப் பேர் போனவை.

கிராஃபைட்டில் கரி அணுக்கள் வாழை இலைக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒரு இலைக்குள் பிடிப்பு பலம். இலைக்கும் இலைக்கும் நடுவே பிடிப்பு குறைவு. தள்ளினால் ஒன்றின்மேல் ஒன்று நழுவும். அதுதான் வழுக்கல். வைரமும் சுத்தக் கரிதான். ஆனால் அங்கே ஒவ்வொரு அணுவும் சுற்றிலும் நாலு அணுக்களைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. அடுக்கு கிடையாது, நழுவ இடமில்லை. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் கிராஃபைட் 1-க்கும் 2-க்கும் நடுவில். வைரம் 10.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிராஃபைட்டின் வழுக்கலுக்குக் காற்றிலுள்ள ஈரமும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் ரொம்ப உயரத்தில் பறக்க ஆரம்பித்தபோது, அவற்றின் டைனமோவில் இருந்த கார்பன் பிரஷ்கள் சில மணி நேரத்திலேயே தூளாகத் தேய்ந்துபோயின. தரையில் மாதக்கணக்கில் உழைத்த அதே பிரஷ்! மேலே காற்றில் ஈரம் இல்லை என்பதுதான் காரணம் என்று அப்புறம் கண்டுபிடித்தார்கள். நீராவி இருந்தால்தான் அந்த இலைகளின் ஓரங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். நம் டிராக்டரின் செல்ஃப் மோட்டாரிலும் டைனமோவிலும் இருக்கிற கார்பன் பிரஷ்ஷுக்கு டெல்டா காற்றில் அந்தக் கவலை கிடையாது.

வைரம் போன்ற கரிப் பூச்சு

இந்த ரெண்டு குணத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தால் என்ன? வைரம் மாதிரி கெட்டி, கிராஃபைட் மாதிரி வழுக்கல். 1971-இல் ஐசன்பெர்க், சாபோ என்ற ரெண்டு ஆய்வாளர்கள் கரி அயனிகளை வேகமாக அடித்து, வைரத்தின் குணங்கள் சிலவற்றைக் கொண்ட ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். அதுதான் இன்று டி.எல்.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வைரம் போன்ற கரிப் பூச்சு. வைரப் பிணைப்பும் கிராஃபைட் பிணைப்பும் கலந்து, ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கும் கரி அது. சில வகையில் ஹைட்ரஜனும் கலந்திருக்கும்.

இதைத் தூரிகையால் பூச முடியாது. வாளியில் முக்கி எடுக்கவும் முடியாது. காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் பாகத்தை வைத்து, கரியை மின்சாரத்தின் உதவியால் அணு அணுவாக அதன் மேல் படியவைக்க வேண்டும். பூச்சின் கனம் பொதுவாக 1 முதல் 4 மைக்ரான். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் கனமாகப் போட்டால் பூச்சுக்குள்ளேயே இருக்கும் இறுக்கத்தால் அதுவே உரிந்து வந்துவிடும். இரும்பில் நேராக ஒட்டாது என்பதால் நடுவில் குரோமியம் போன்ற ஒரு அடிப்படலமும் தேவைப்படும்.

பலன் உண்மையிலேயே பெரியது. எண்ணெய் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசினால் உராய்வு எண் 0.5-க்கு மேல் போகும். இந்தப் பூச்சு இருந்தால் எண்ணெய் இல்லாமலே 0.05 முதல் 0.2 வரைதான். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் அலி எர்டெமிர் என்பவரின் குழு 1990-களின் கடைசியில், ஹைட்ரஜன் அதிகமுள்ள ஒரு வகையை ஈரமே இல்லாத நைட்ரஜனில் வைத்து, 0.01-க்கும் கீழே கொண்டுபோய்க் காட்டியது. இதே வகையை ஈரக்காற்றில் வைத்தால் உராய்வு ஏறிவிடும். கிராஃபைட்டுக்கு நேர் எதிர்! ஹைட்ரஜன் இல்லாத வகையோ கிராஃபைட் மாதிரி ஈரத்தை விரும்பும். ஆக "கார்பன் கோட்டிங்" என்பது ஒரே சரக்கு இல்லை. எந்த வகை, எந்தச் சூழலில் என்று கேட்காமல் பதில் கிடையாது. சூட்டுக்கும் எல்லை உண்டு. ஹைட்ரஜன் கலந்த வகைகள் 300 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்லக் கிராஃபைட்டாக மாறி வலுவிழக்கும்.

இது எங்கே பயன்படுகிறது? டீசல் இன்ஜின் இன்ஜெக்டர் ஊசி, எரிபொருள் பம்ப்பின் பிளஞ்சர், பிஸ்டன் பின், முகச்சவர பிளேடு. காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,500 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பாய்கிறது. டீசலுக்கு வழவழப்பு கம்மி. அங்கே இந்தப் பூச்சு இல்லாவிட்டால் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். நம் நாட்டில் 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தபிறகு காமன் ரெயில் இன்ஜின் நம் வயலுக்கும் வந்துவிட்டது. அப்படிப்பட்ட டிராக்டர் வைத்திருப்பவர்கள் கேனில் கிடந்த பழைய டீசலை ஊற்றாதீர்கள். தண்ணீர் கலந்ததும் தூசி விழுந்ததும் அந்த நுண்ணிய பாகங்களுக்கு எமன். பில்டரை நேரத்தில் மாற்றுங்கள்.

கவனியுங்கள்: இந்தப் பூச்சு ஜெயிக்கிற இடமெல்லாம் சுத்தமான, வழவழப்பான, அடியில் கெட்டி இரும்பு உள்ள இடங்கள்.

சோற்றின் மேல் வைத்த அப்பளம்

இப்போது வயலுக்கு வருவோம். மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் அளவில் 7. சாதா இரும்பு 4 அல்லது 5. நன்றாகத் தோய்த்த அரம் கூட ஆறரைதான். அதாவது மணல் இரும்பைக் கீறும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில், நம் ஆட்கள் புது ஆறு என்று சொல்கிற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம், மணல் கலந்த மண். அங்கே கத்தி சீக்கிரம் தேய்கிறது. பழைய டெல்டாவின் களிமண்ணில் அவ்வளவு இல்லை. காரணம் இந்த மணல்தான்.

"வைரப் பூச்சு மணலைவிடக் கெட்டிதானே, பிறகு ஏன் தாங்காது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் அடியில் இருக்கிறது. சுடுசோற்றின் மேல் ஒரு அப்பளத்தை வைத்து விரலால் அழுத்துங்கள். அப்பளம் விரலைவிடக் கெட்டியாக இருந்தும் என்ன ஆகும்? கீழே சோறு அமுங்கும், அப்பளம் நொறுங்கும். அரை மில்லிமீட்டர் மணல் துகளோ ஒரு சிறு கல்லோ 3 மைக்ரான் பூச்சின் மேல் டிராக்டரின் பலத்தோடு மோதும்போது, பூச்சு கீறப்படுவதில்லை. கீழே இரும்பு அமுங்குகிறது, மேலே பூச்சு நொறுங்கி உரிகிறது. உரிந்த துணுக்குகளே அடுத்த இடத்தைக் கீறும். ஒருமுறை ஓரம் திறந்துவிட்டால் மிச்சமும் போய்விடும்.

சரி, நொறுங்காமலே தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கத்தியில் மண் படுகிற பரப்பு ரெண்டு பக்கமும் சேர்த்து 200 சதுர சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். அதன்மேல் 3 மைக்ரான் பூச்சு என்றால் அதன் மொத்த எடை எவ்வளவு தெரியுமா? சுமார் அரைக்கால் கிராம். ஒரு கத்தி ஒரு பருவத்தில் இழப்பது பத்துக் கிராம் கணக்கில். அரைக்கால் கிராமை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது?

எடை போட்டுப் பார்த்தோம்

இதைப் படித்த பிறகும் மனசு ஆறவில்லை. தம்பியின் செட்டை அவர் இன்னும் மாட்டவில்லை. அதிலிருந்து 18 கறுப்புக் கத்தி, வழக்கமான கத்தி 18. ஒன்றுவிட்டு ஒன்றாக மாட்டினோம். மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் பஞ்ச் வைத்து எண் அடித்து, மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதினேன். 50 மணி நேரம் ஓடியபின் கழற்றிக் கழுவிக் காயவைத்து மறுபடி எடை. வழக்கமான கத்தி சராசரியாக 58 கிராம் குறைந்திருந்தது. கறுப்புக் கத்தி 57. ஒரே டிராக்டர், ஒரே வயல், ஒரே ஆள். அந்த ஒரு கிராமுக்குத்தான் கத்திக்கு 120 ரூபாய் கூடுதல்.

மாட்டாமல் மிச்சமிருந்த ஒரு கறுப்புக் கத்தியைப் பெயிண்ட் தின்னர் நனைத்த துணியால் தேய்த்தேன். துணி கறுப்பானது. உண்மையான டி.எல்.சி. தின்னருக்குக் கரையாது. ஆக நாங்கள் வாங்கியது வைரமும் இல்லை, அதன் தங்கையும் இல்லை. கறுப்புப் பெயிண்ட். வியாபாரியிடம் துணியோடு போய்க் காட்டினேன். "கம்பெனியில வந்ததுதான் சார்" என்றார். பில்லில் வெறும் 'கத்தி' என்றுதான் எழுதியிருந்தது. எத்தனையோ பேருடைய பில்லைச் சரிபார்த்தவன், என் பில்லைப் பார்க்காமல் வாங்கி வந்திருக்கிறேன்.

தம்பியிடம் கூடுதல் பணத்தை நான் தருகிறேன் என்றேன். "விடுங்க சார், நானும் பார்த்துத்தானே வாங்கினேன்" என்று மறுத்துவிட்டார். சம்பாவுக்கு உழவுக் கூலி கொடுக்கும்போது சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார்.

மண்ணுக்குக் கரி மேலே வேண்டாம், உள்ளே வேண்டும்

அப்படியானால் கத்தி உழைக்க என்ன வழி? வேடிக்கை என்னவென்றால் அங்கேயும் கரிதான் காக்கிறது. ஆனால் மேலே பூசிய கரி இல்லை, இரும்புக்குள் கலந்த கரி. கரி கொஞ்சம் கலந்த இரும்புதான் எஃகு. ஆசாரி அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது, உள்ளே இருக்கும் அந்தக் கரி நகர வழியில்லாமல் மாட்டிக்கொண்டு இரும்பை இறுக்குகிறது. கரி இல்லாத இரும்பை எத்தனை முறை தோய்த்தாலும் கெட்டியாகாது. இன்றைய நல்ல ரோட்டவேட்டர் கத்திகள் போரான் எஃகில் செய்து, எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்து, பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்தி வருபவை. அந்தக் கெட்டித்தன்மை 3 மைக்ரானோடு நிற்பதில்லை. உள்ளே வரை இருக்கும். தேயத் தேய அடுத்த கெட்டி இரும்பு வரும்.

இன்னொரு வழி ஹார்ட்ஃபேசிங். குரோமியம் கார்பைடு உண்டாக்குகிற வெல்டிங் ராடால் கத்தியின் முனையில் ஒரு வரி ஓட்டுவது. கார்பைடு என்பதும் கரியும் உலோகமும் சேர்ந்த பொருள்தான், மணலைவிடக் கெட்டி. கனம் 2, 3 மில்லிமீட்டர் இருக்கும். டி.எல்.சி.யைப்போல ஆயிரம் மடங்கு. ஆனால் எல்லா வெல்டிங் பட்டறையிலும் கொடுக்காதீர்கள். அதிகம் சூடாக்கினால் கத்தியின் பதம் போய்விடும், கல்லில் பட்டால் முறியும். முதலில் நாலு கத்திக்குப் போட்டுப் பாருங்கள், எடை போடுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

செலவில்லாத வழிகளும் உண்டு. நன்றாக ஊறிய வயலில் ஓட்டுங்கள். தேவைக்கு மேல் ஒரு சால் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு கூடுதல் சாலும் டீசலில் வட்டி, கத்தியில் அசல். பசுந்தாள் மடக்கி உழும்போது தண்டு முற்றுவதற்கு முன், பூக்கிற பருவத்தில் மடக்குங்கள். மண்ணுக்கும் நல்லது, மிஷினுக்கும் நல்லது.

போருக்குள் உட்கார்ந்திருக்கும் கரி

நம் எல்லோர் வீட்டிலும் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருக்கிற கரி ஒன்று போருக்குள் இருக்கிறது. தண்ணீர் நிரப்புகிற சப்மெர்சிபிள் மோட்டாரின் அடியில் த்ரஸ்ட் பேரிங் இருக்கும். மெக்கானிக்குகள் 'கார்பன்' என்றே சொல்வார்கள். பம்ப் தண்ணீரை மேலே தள்ளும்போது அதன் சுமை முழுக்கக் கீழ்நோக்கி இறங்கும். அந்தச் சுமையைத் தாங்குவது கிராஃபைட் கலந்த ஒரு கரித்தட்டு. அது துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகளின் மேல் சுழலும். இடையில் கிரீஸ் கிடையாது. மோட்டாருக்குள் இருக்கும் தண்ணீரின் ஒரு மெல்லிய படலம்தான் ரெண்டையும் பிரித்து வைக்கிறது. ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் அந்தப் படலம் இருக்காது. அந்த நொடிகளில் கரியின் சொந்த வழுக்கல் காப்பாற்றும்.

குடிநீரில் எண்ணெய் கலக்காமல் ஒரு சுமையைத் தாங்கவைக்கக் கரியைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது கஷ்டம். ஆனால் அதற்கு நாம் செய்யவேண்டியது சில உண்டு.

போருக்குள் இறக்குவதற்கு முன் மோட்டாரில் சுத்தமான தண்ணீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்புங்கள். "உள்ளே போனா தானா ரொம்பிக்கும்" என்று அவசரப்படும் மெக்கானிக்கை நிறுத்துங்கள்.

தண்ணீர் மட்டம் இறங்கி பம்ப் வெறுமனே ஓடினால் சூடேறி மோட்டாரும் கரித்தட்டும் சேர்ந்து கெடும். கோடையில் மட்டம் இறங்குகிற ஊர்களில் டிரை ரன் பாதுகாப்புள்ள ஸ்டார்ட்டர் போடுங்கள்.

மணல் வருகிற போரில் மோட்டாரை அடிமட்டத்தில் உட்காரவைக்காதீர்கள். சீல் தேய்ந்து மணல் உள்ளே போனால், மேலே சொன்ன கத்தியின் கதைதான் கரித்தட்டுக்கும்.

நிமிஷத்துக்கு ஒருமுறை ஆன், ஆஃப் செய்யாதீர்கள். தேய்மானம் அதிகம் நடப்பது தொடங்கும் நொடியில்தான்.

தவிட்டிலிருந்தும் ஒரு கரி

கடைசியாக நெல்லுக்கே வருவோம். நெல்லில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலின் சொந்தக்காரன். அதனால்தான் அறுவடை மிஷினின் பாகங்களும் ரைஸ் மில்லின் ரப்பர் ரோலரும் அவ்வளவு வேகமாகத் தேய்கின்றன. பயிரைப் பூச்சியிலிருந்து காக்கிற அதே சிலிக்கா நம் இரும்பைத் தின்கிறது.

ஆனால் தவிட்டில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஜப்பானில் யமகாடா பல்கலைக்கழகத்தில் இருந்த கசுவோ ஹொக்கிரிகாவா என்ற பேராசிரியர் 1990-களில், எண்ணெய் எடுத்த தவிட்டை பீனால் ரெசினோடு கலந்து, நைட்ரஜனில் 900 டிகிரியில் கரியாக்கி, பொடித்து, மறுபடி ரெசினோடு அழுத்தி மறுபடி சுட்டு, ஒரு புதுப் பொருளைச் செய்தார். ஆர்.பி. செராமிக் என்று பெயர். கெட்டி, லேசு, நுண்துளை நிறைந்தது, எண்ணெய் இல்லாமலும் உராய்வு குறைவு. எண்ணெய் போடமுடியாத பேரிங்குகளுக்குப் பயன்படுத்தினார்கள். அதே பொடியை ரப்பரில் கலந்தால் ஈரத் தரையில் வழுக்காத செருப்படி செய்யலாம் என்றும் காட்டினார்கள். ஒரே தவிட்டுக் கரி ஒரு இடத்தில் வழுக்குகிறது, இன்னொரு இடத்தில் பிடிக்கிறது!

நம் தஞ்சாவூரிலேயே, நெல் பதன ஆராய்ச்சி மையமாக இருந்து இன்று நிஃப்டெம் என்ற தேசிய நிறுவனமாக வளர்ந்த இடம் இருக்கிறது. டெல்டாவில் எண்ணெய் எடுத்த தவிடு மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. போகட்டும், மாடு முக்கியம். ஆனால் நெல் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிற இளைஞர்கள் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நெல்லை விற்றுவிட்டு பேரிங் வாங்குகிறவர்களாகவே நாம் எப்போதும் இருக்கவேண்டுமா?

கடைக்குப் போகும்போது

அடுத்த முறை "கோட்டிங்" என்று யாராவது சொன்னால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பூச்சு எத்தனை மைக்ரான்? அடியில் என்ன எஃகு, தோய்த்ததா? இது எண்ணெயில் ஓடுகிற பாகமா, மண்ணில் ஓடுகிற பாகமா? பூச்சின் பெயரைப் பில்லில் எழுதித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கே பாதிப்பேர் சாதாரணக் கத்தியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

புதுப் பாகம் எதுவானாலும் முழு செட்டாக வாங்காமல் பாதி வாங்கி, பழையதோடு கலந்து மாட்டி, எடை போட்டுப் பாருங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, மளிகைக் கடைத் தராசு போதும். புதுக் கரைசலை வயல் முழுக்கத் தெளிக்காமல் ஒரு பாத்தியில் தெளித்துப் பார்ப்போமே, அதே பழக்கம்தான். இரும்பு விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

என் நோட்டில் 36 கத்தியின் எடையும் தேதியோடு இருக்கிறது. பார்க்க விரும்பும் நண்பர்கள் நம் மாதக் கூட்டத்தில் கேளுங்கள், கொண்டுவருகிறேன். உங்கள் வயலில் எடை போட்ட கணக்கு இருந்தால் நீங்களும் கொண்டுவாருங்கள். பழைய டெல்டா களிமண் கணக்கும் புது ஆற்று மணல் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கத்தி எந்த மண்ணுக்கு என்று நாமே முடிவு செய்துவிடலாம்.